பூட்டு, வாடகை, ஒத்தி, விடுதி, விற்பனை: கடற்கரையில் ஆளில்லாத வீட்டை என்ன செய்வது?

கீழக்கரையில் பதினோரு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். திண்டுக்கல் பூட்டின் நாக்கு உப்பேறி உள்ளேயே இறுகிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், இரண்டுக்கும் அது அசையாததால் கடைசியில் வளையத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். கதவு பர்மாத் தேக்கு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உள்முற்றத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நின்றது. பின்னாளில் கட்டிய மாடியறையின் கூரையில் ஒரு மூலை காரை பெயர்ந்து, உள்ளிருந்த கம்பி துருவில் பருத்து அடுக்கடுக்காக உரிந்து தொங்கியது. துபாயிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தபடியே கேட்டார்: "வாடகைக்கு விட்டிருந்தா இப்படி ஆயிருக்காது. ஆனா விட்டிருந்தா வீடு நம்ம கைக்குத் திரும்பி வந்திருக்குமா?"

ஆவணம் எழுதும் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் சாயல்குடி வரை பல ஊர்க்காரர்களின் வாயிலாக என்னிடம் வருகிறது. கேட்பவர்கள் வசதியில்லாதவர்களும் அல்லர், கணக்குத் தெரியாதவர்களும் அல்லர். நல்ல விலை பெறும் இடத்தில் நல்ல வாடகைக்குப் போகக்கூடிய வீட்டையோ கடையையோ வைத்துக்கொண்டு, அது கண்ணெதிரே பாழாவதையும் பார்த்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவர்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

வாடகை எவ்வளவு கிடைக்கும் என்பதையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் பட்டியலில் அது நான்காவது. முதல் கேள்வி, வீடு உங்களுக்கு எப்போது திரும்ப வேண்டும் என்பது. "என்றைக்காவது" என்பது பதிலாகாது. மகளின் திருமணம், பணி ஓய்வு, வெளிநாட்டிலிருந்து திரும்புதல் என்று ஆண்டு சொல்ல முடிய வேண்டும். இரண்டாவது, கையெழுத்துப் போட உரிமையுள்ளவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடுவார்களா என்பது. மூன்றாவது, சாவி யாரிடம் இருக்கப் போகிறது, அதாவது குழாய் உடைந்தால் அன்றைக்கே போய்ப் பார்க்க ஊரில் ஆள் உண்டா என்பது. வரியும் செப்பனிடும் செலவும் போக ஆண்டுக்குக் கையில் நிற்கும் தொகை அதன் பிறகு வருகிறது. கடைசியாக, கட்டடம் எதனால் கட்டப்பட்டது, கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மதுரையில் இருப்பவர் இந்த ஐந்தாவதை விட்டுவிடலாம். பாம்பனில் இருப்பவர் விட முடியாது.

## பூட்டி வைப்பது

பூட்டி வைத்திருப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஊர் பேசுவதுண்டு. நான் பார்த்தவரையில் அது அபூர்வம். நான்கு பங்காளிகளில் ஒருவர் வாடகைக்கு விடலாம் என்பார், ஒருவர் விற்கலாம் என்பார், ஒருவர் இடித்துக் கட்டலாம் என்பார், மற்றொருவர் தொலைபேசியையே எடுக்கமாட்டார். நால்வரும் ஆட்சேபிக்காத ஒரே ஏற்பாடு பூட்டுதான். தாத்தா பெயரில் பட்டா இருக்கும். வாய்மொழியாகக் கொடுத்த தானமாக இருந்தால் பத்திரமே இருக்காது. இசுலாமியச் சட்டப்படி கொடுக்கும் ஹிபா என்ற தானத்துக்குப் பதிவு கட்டாயமில்லை என்பது சட்டத்தில் சரியாக இருந்தாலும், இரண்டு தலைமுறை கழித்து அதை நிரூபிக்க வேண்டியவர்களின் பாடு பெரும்பாடாகிறது.

கீழக்கரையில், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறும் வழக்கமுள்ள குடும்பங்களில் வேறொரு காரணமும் உண்டு. அங்கே வீடு மகளுக்கென்று பிறக்கும்போதே பேசப்பட்டுவிடுகிறது. மகளுக்கு இப்போது ஒன்பது வயது என்றால், அந்த வீடு இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு யாருக்கும் வேண்டாத, ஆனால் யாரும் தொடக்கூடாத பொருளாகிறது.

மூன்றாவது காரணம், குடியிருப்பவர் மீதான பயம். இது வெறும் கற்பனை அன்று. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் குடியிருப்பவர் தானாக வெளியேற வேண்டியதில்லை. வாடகை பாக்கி, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்று சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை வீட்டுக்காரர்தான் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். அப்பா காலத்தில் முப்பது ரூபாய்க்கு விட்ட கடையை மகன் காலத்தில் மீட்ட கதைகள் எல்லாக் கடைத்தெருவிலும் உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், சட்டம் மாறிய பின்னும் பழைய பயத்தோடு பூட்டுப் போடுகிறார்கள்.

பூட்டுக்கு வாடகை இல்லை என்று நினைப்பது தவறு. இந்தக் கரையில் அந்த வாடகையை உப்பு வசூலிக்கிறது. காங்கிரீட்டுக்குள் இறங்கும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் காரை வெடித்துப் பெயர்கிறது. பெயர்ந்த இடம் வழியாக இன்னும் உப்பு இறங்குகிறது. ஆள் இருக்கும் வீட்டில் முதல் கீறல் கண்ணில் படும்போதே கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். ஆளில்லாத வீட்டில் அதைப் பார்ப்பதற்கு யாருமில்லை. கச்சான் என்னும் மேல்காற்றுக் காலத்தில் மொட்டை மாடியில் மணலும் சருகும் சேர்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை அள்ளாவிட்டால் தண்ணீர் இறங்கும் தூம்பு அடைத்துக்கொள்ளும். ஒரே ஒரு பாலித்தீன் பை தூம்பின் வாயில் ஒட்டிக்கொண்டதால் ஒரு மழைக்காலம் முழுவதும் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, கூரையே போன வீட்டைத் தங்கச்சிமடத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பையை எடுக்க ஆள் கூலி கூடத் தேவைப்பட்டிருக்காது.

பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள் காங்கிரீட்டைவிடப் பூட்டைத் தாங்கும். ஆனால் கெட்டுவிட்டால் திருத்துவது கடினம். அவற்றில் பலவற்றின் சுவர் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லால் ஆனது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அந்தக் கல்லை இனி எந்த விலைக்கும் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. விழுந்த இடத்தைச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு அடைத்தால், ஈரத்தை வாங்கி வெளிவிட்டுக்கொண்டிருந்த சுவருக்கு வாயைக் கட்டியது போலாகி, அடுத்த ஆண்டே பக்கத்துச் சுவர் பொரிந்து கொட்டத் தொடங்குகிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாதது. கடலை ஒட்டிய வீடு இடிந்து விழுந்தால் அதே இடத்தில் விருப்பம்போல் கட்டிக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கீழ், கட்டுமானத்துக்குத் தடையுள்ள பகுதியில் பொதுவாக அனுமதிக்கப்படுவது, முன்பே முறையாக இருந்த கட்டடத்தை அதன் பழைய பரப்பளவுக்குள் செப்பனிடுவதோ மீண்டும் கட்டுவதோதான். ஆகவே அங்கே நிற்கும் சுவரே ஒரு சொத்து. அது அங்கே இருந்தது என்பதைக் காட்டும் வரி ரசீதும் வரைபடமும் இல்லாமல் வீடு விழுந்துவிட்டால், மிஞ்சுவது மணல்.

இவ்வளவு சொன்ன பின்னும் பூட்டுவதே சரியாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் குடிவரப் போகிறவர் பூட்டலாம். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது பூட்டி வைப்பதே விவேகம். கூரை அபாயமான நிலையில் இருந்தால், பிறர் தலையில் விழ வைப்பதைவிடப் பூட்டி வைப்பது நல்லது. வரியிலும் ஒரு சலுகை உண்டு: சொந்தக் குடியிருப்பு என்ற கணக்கில் இரண்டு வீடுகள் வரை வருமானம் எதுவும் கணக்கிடப்படுவதில்லை, மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் அதற்கு வாடகை வந்ததாகக் கருதி வரி கணக்கிடப்படும். எப்படியிருந்தாலும் வாரம் ஒருமுறை திறந்து காற்று விட ஊரில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாதவர்களுக்குப் பூட்டு என்பது ஒரு வழியே அன்று.

## மாத வாடகைக்கு விடுவது

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, காலம் முடிந்ததும் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்பவை அதன் சாரம். ஒப்பந்தமே எழுதிக்கொள்ளத் தவறியது கூட வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாக அதில் இருக்கிறது. பழைய சட்டத்தில் காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவருக்கு இருந்த பிடி இதில் இல்லை. இதைச் சொன்னால், "எழுதினா வரி வருமே" என்று ஒப்பந்தத்தைத் தவிர்க்கிறார்கள். எழுதாததால் வரும் சிக்கலைக் கண்டு பூட்டுகிறார்கள். பயத்தை இரண்டு கையாலும் வளர்ப்பது என்பது இதுதான்.

பன்னிரண்டு ஆண்டு இருந்தால் வீடு குடியிருப்பவருக்கே போய்விடும் என்ற பேச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு ஆண்டு என்பது உரிமையாளருக்கு எதிராக, அவர் உரிமையை மறுத்து, வெளிப்படையாக அனுபவிப்பவரைப் பற்றியது. வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர் உங்கள் அனுமதியில் இருப்பவர். எத்தனை ஆண்டு ஆனாலும் அவர் வாடகைதாரரே. காவலுக்கு வைத்தவர் எவ்வளவு காலம் தங்கினாலும் அவருக்கு வீட்டில் உரிமை பிறப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உண்மையில், ஆளே இல்லாத வீட்டின் பின்பக்கச் சுவரைத் தள்ளிக் கட்டிக்கொள்ளும் அண்டைவீட்டுக்காரருக்குத்தான் அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு உதவும். பூட்டி வைத்திருப்பவர் பயப்பட வேண்டியது அவருக்கு.

அடுத்து, யார் குடிவருவார்கள் என்பது ஊரைப் பொறுத்தது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல் படையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருப்பதால், அங்கெல்லாம் இடமாற்றத்தில் வந்து இடமாற்றத்தில் போகும் குடும்பங்கள் கிடைக்கின்றன. வீடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இவர்களைவிட நல்ல குடித்தனக்காரர் இல்லை. ஆனால் நடு ஆண்டில் மாற்றல் வந்தால் இரண்டு மூன்று மாதம் வீடு காலியாகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். இராமநாதபுரத்தில் ஆசிரியர்களும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் அதைச் சார்ந்தவர்களும் கேட்கிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் விசைப்படகுத் தொழிலைச் சார்ந்த குடும்பங்களே பெரும்பாலும் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்கு வருமானம் நின்றுவிடும். அந்த இரண்டு மாத வாடகையை மற்ற பத்து மாதங்களில் பகிர்ந்து எழுதிக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் சிலரை அறிவேன். வருடத்தொகை அதேதான், ஜூன் மாத முதல் வாரத்துச் சண்டை மட்டும் இல்லை. இது என் யோசனை அன்று, ஒரு மீனவ அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மறைந்திருக்கும் செலவுகளில் தலையாயது தண்ணீர். இந்த மாவட்டத்தில் வீட்டைப் பார்க்க வருபவர் அறைகளை எண்ணுவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வீட்டுக்குள் வருகிறதா, தெருவோடு நிற்கிறதா, தள்ளுவண்டியில் குடங்களை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதே வாடகையைத் தீர்மானிக்கும். உவர்நீர் மோட்டாரையும் குழாய்களையும் தின்றுவிடும். அதை மாற்றுவது யார் என்று ஒப்பந்தத்தில் எழுதாதவர்கள் எல்லோரும் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வீட்டுக்காரர் வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் அதில் 31.2 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வாடகை என்றால் கையில் வருவது 6,880. இதைக் கேட்டதும் "வேண்டாம், பூட்டிவிடுவோம்" என்பவர்கள் பலர். ஆனால் ஆண்டு வாடகை 1,20,000இல் 30 விழுக்காடு நிலைக் கழிவு போக மிச்சம் 84,000தான் வருமானம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவருக்கு அது வரி வரம்புக்குக் கீழே வருவதால், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் முழுவதும் திரும்பிவிடும். தாக்கல் செய்ய ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

கடைகளில் வேறொரு நோய். ஒரு வங்கியோ செல்பேசிக் கடையோ எப்போதோ வந்து 15,000 தருவதாகப் பேசிவிட்டுப் போயிருக்கும். அன்று முதல் அந்த எண் கடைக்காரரின் கௌரவமாகிவிடும். இன்று 11,000 கொடுக்க மருந்துக் கடைக்காரர் தயாராக இருந்தாலும் ஷட்டர் இறங்கியே இருக்கும். ஓர் ஆண்டு காத்திருந்தால் இழப்பு 1,32,000 ரூபாய். பிறகு 15,000க்கே ஆள் கிடைத்தாலும், மாதம் 4,000 கூடுதலாக வந்து அந்த இழப்பைச் சரிக்கட்ட 33 மாதங்கள் ஆகும். கணக்கை எழுதிக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஷட்டர் மட்டும் ஏறுவதில்லை. பக்கத்துக் கடைக்காரர் 15,000 வாங்குகிறார் என்பதைத் தாங்க முடியாதவர்களிடம் பெருக்கல் வாய்ப்பாடு எடுபடாது.

## ஒத்திக்கு விடுவது

சென்னையில் போக்கியம் என்பதை இங்கே ஒத்தி என்கிறோம். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருக்க விட்டு, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பது. மாதாமாதம் வாடகைக்கு அலைய வேண்டாம், குடியிருப்பவரும் தன் பணம் இருக்கிறது என்பதால் வீட்டைக் கவனமாக வைத்துக்கொள்வார்.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 5,00,000 ரூபாய் ஒத்தி வாங்கி 7 விழுக்காடு வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 35,000; மாதம் 3,000 கூடத் தேறாது. மாதம் 6,000 வாடகைக்குப் போகும் வீட்டை இப்படி விடுவது நட்டம். அதே 5,00,000 கொண்டு 12 விழுக்காட்டு நகைக்கடனை அடைத்தால், மிச்சமாகும் வட்டி மாதம் 5,000. ஒத்தி என்பது கடன் உள்ளவருக்கும், ஒரே தடவையில் பெருந்தொகை தேவைப்படுபவருக்கும் உரியது. நான் இதை அதிகம் பரிந்துரைப்பது, பங்காளி ஒருவரின் பங்கை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதப் பணம் தேவைப்படும் குடும்பங்களுக்கு: பூட்டைப் போட வைத்த காரணத்தையே அந்தப் பணம் தீர்த்துவிடும்.

ஒத்தியின் உண்மையான ஆபத்து கடைசி நாளில் இருக்கிறது. தொகை செலவாகிவிட்டால் வீட்டை மீட்க முடியாது; வேறொருவரிடம் ஒத்தி வாங்கி முந்தியவருக்குக் கொடுக்க வேண்டும்; அவருக்கும் கொடுக்க இன்னொருவர். மூன்றாவது சுற்றில் வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் போயே பல ஆண்டு ஆகியிருக்கும். பத்திர விஷயத்திலும் அலட்சியம் அதிகம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி எதுவும் இரண்டு சாட்சிகளுடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை வாடகை ஒப்பந்தம் போல எழுதினாலோ மூன்று மாத முன்பண வரம்பு குறுக்கே நிற்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் வாங்கிய அளவுக்கே அபராதம் விழ இடமுண்டு, காசோலையில் வாங்குங்கள். பதிவு செய்த ஒத்தியில் உரிமையாளருக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது: கால வரம்பு தாண்டிவிட்டது, வீடு எனக்கே என்று ஒத்திக்காரர் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட அடமானத்தில் பணம் தீரும்வரை மீட்கும் உரிமை காலாவதியாவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது.

## நாள் வாடகை விடுதியாக்குவது

இராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. தை, ஆடி, மகாளய அமாவாசைகளுக்கும் ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கும் ஓர் அறைக்குக் கிடைக்கும் தொகையைப் பார்த்து, அதை 365ஆல் பெருக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நிரம்பும் நாட்களை எண்ணுங்கள். வெளியார் கையிலிருக்கும் காரணங்களும் உண்டு: பழைய பாம்பன் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது, புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டுகளும் ரயிலில் வந்தவர்கள் தீவுக்கு வெளியே இறங்கிச் சாலை வழியாக வர வேண்டியிருந்தது.

செலவோ நாள்தோறும் உண்டு. மின் இணைப்பை வணிக வகைக்கு மாற்றினால் வீட்டு இணைப்புக்குரிய 100 யூனிட் இலவசம் போய்விடும். தீர்த்தமாடி ஈர உடையோடு வருபவர்கள் தங்கும் அறையில் தண்ணீர்ச் செலவும் துவைப்புச் செலவும் சாதாரண விடுதியைவிட அதிகம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் பதிய வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை, காலையுணவுத் திட்டத்தில் சேரலாமென்றால், உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மதுரையில் இருந்துகொண்டு மேலாளரை வைத்து நடத்துபவர்கள், அமாவாசை இரவில் எத்தனை அறை நிரம்பியது என்பதை மேலாளர் சொல்லித்தான் அறிவார்கள். ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பி, கீழே தாங்கள் குடியிருந்து மேலே இரண்டு அறைகளை விடும் தம்பதியருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மற்றவர்களுக்கு இது வீட்டை வைத்திருப்பதன்று, ஒரு தொழிலைத் தொடங்குவது.

## விற்பது

வீடு யாருக்கும் தேவையில்லை, ஊருக்குத் திரும்ப யாரும் இல்லை என்று மனத்துக்குத் தெரிந்துவிட்டால் இதைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. கூரையோடு இருக்கும்போது வீட்டு விலை, கூரை விழுந்தால் மனை விலை. வாங்குபவர் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டியிருப்பதால், அதையும் சேர்த்துத்தான் அவர் பேரம் பேசுவார். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு, 2001க்கு முந்திய பரம்பரைச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம் என்பதால் மதிப்பீட்டாளர் சான்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பயன்தரும். வெளிநாட்டிலிருந்து பவர் எனப்படும் அதிகாரப் பத்திரம் அனுப்புபவர்கள் தூதரகச் சான்றோடு அனுப்பி, அது இந்தியா வந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும் பதிவின்போது கேட்கப்படும். பங்கு தீராத சொத்துக்கு இந்த வழி அடைத்தே இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | வீடு திரும்பும் உறுதி | ஊரில் ஆள் தேவையா | பலரும் மறந்துவிடும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| பூட்டு | முழுமை, சுவர் நின்றால் | வாரம் ஒருநாள் | கூரை, அண்டைவீட்டு ஆக்கிரமிப்பு | இரண்டு ஆண்டுக்குள் திரும்புவோர், வழக்கில் உள்ளோர் |
| மாத வாடகை | எழுதிப் பதிந்தால் நன்று | மாதம் ஒருநாள் | மோட்டார், குழாய், இடைக்காலக் காலி | மூன்று முதல் பத்து ஆண்டு தேவையில்லாதோர் |
| ஒத்தி | பணம் கையில் இருந்தால் மட்டும் | குறைவு | திருப்பித் தரும் நாள் | கடன் உள்ளோர், பங்கை வாங்குவோர் |
| விடுதி | உடனே | தினமும் | வணிக மின்கட்டணம், நிரம்பாத நாட்கள் | அங்கேயே குடியிருப்போர் |
| விற்பனை | இல்லை | பதிவு நாளில் | ஆதாய வரி, பத்திரச் சீரமைப்பு | திரும்பும் எண்ணமே இல்லாதோர் |

## அட்டவணைக்குள் அடங்காத ஒன்று

ஊரில் பலர் கடைப்பிடிக்கும், ஆனால் யாரும் ஒரு வழியாக எண்ணாத ஏற்பாடு இருக்கிறது: ஓர் அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு மீதியை வாடகைக்கு விடுவது. பாத்திரங்கள், கட்டில், தாத்தா படம், பத்திரப் பெட்டி எல்லாம் அந்த அறையில். திருமணத்துக்கோ தர்காக் கந்தூரிக்கோ ஊருக்கு வருபவர்கள் அதில் தங்குவார்கள். குடியிருப்பவர் இருப்பதால் தூம்பு அடைக்காது, சுவர் பொரிந்தால் தகவல் வரும். பூட்டிய அறை எது, அதற்குப் போகும் வழி எது, எந்த நாட்களில் வரலாம் என்பதை ஒப்பந்தத்தில் வரைபடத்தோடு எழுத வேண்டும். வாயால் பேசி விட்ட இடங்களில் கழிப்பறைக்காக வந்த சண்டைகளை நான் பட்டியலிடத் தொடங்கினால் கட்டுரை முடியாது. வாடகை சற்றுக் குறையும். வீட்டை மறுபடி பார்க்க விரும்புபவர்களுக்கு அந்தக் குறைவு பெரிதன்று என்றே நினைக்கிறேன்.

கீழக்கரை வீட்டுக்காரருக்கு இதைத்தான் சொன்னேன். அவர் மகளுக்கு வீடு தேவைப்பட இன்னும் ஏழெட்டு ஆண்டு இருக்கிறது, ஊரில் நெருங்கிய உறவினர் இருக்கிறார், வெளிநாட்டு வருமானம் இருப்பதால் ஒத்திப் பணம் தேவையில்லை. மாடியறையின் கூரையை உடைத்து எடுத்துவிட்டு, கீழ்க்கட்டின் கிழக்கு அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றவற்றை மூன்று ஆண்டுக்கு எழுதிப் பதிந்து விடுவது என்று முடிவாயிற்று. மூன்று ஆண்டு என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். செலவைப் பார்த்து முகம் சுளித்தார், பிறகு சம்மதித்தார். பங்கில் உரிமையுள்ள அவருடைய அக்கா கொழும்பில் இருக்கிறார். அவர் கையெழுத்துக்கான பத்திரம் தூதரகம் போய்த் திரும்ப வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டு லாத்தா வெள்ளிக்கிழமைதோறும் சன்னல்களைத் திறந்து வைத்து, மாலை மக்ரிபுத் தொழுகைக்கு முன் சாத்திவிட்டுப் போகிறார். புதுப் பூட்டு பித்தளை.